வீட்டிலிருந்து போய்வருவதா, விடுதியில் தங்குவதா? சிறிய கத்தோலிக்கக் கல்லூரியில் மூன்று வருடம்

கல்லூரி விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கும்: டே ஸ்காலரா, ஹாஸ்டலரா? பக்கத்திலேயே இரண்டு சின்னக் கட்டம். இந்த வருடம் பிளஸ் டூ முடித்த என் சித்தப்பா மகள் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, "எதுல டிக் போடணும்க்கா?" என்று கேட்டாள். போனில் பதில் சொல்லத் தொடங்கினேன். ஒரு மணி நேரம் பேசியும் முடியவில்லை. அவள் சேரப்போவது நான் படித்த அதே கல்லூரியில்தான். நான் அங்கே இரண்டரை வருடம் வீட்டிலிருந்து போய்வந்தேன். கடைசி செமஸ்டர் மட்டும் விடுதியில் இருந்தேன். அவளிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதிவைத்தால் அவளைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் வேறு சிலருக்கும் பயன்படும் என்று தோன்றியது.

எங்கள் வீடு திற்பரப்புப் பக்கம். அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டும் வேலை. கல்லூரி மார்த்தாண்டம் தாண்டி, கடலோர ஊர்களுக்குப் போகும் வழியில் இருக்கிறது. பெயரை எழுதவில்லை. குமரி மாவட்டத்தில் இதே அளவில், கிட்டத்தட்ட இதே மாதிரி நடக்கும் கத்தோலிக்கக் கல்லூரிகள் பல உண்டு. நான் சொல்வது அவற்றில் பலவற்றுக்கும் பொருந்தும். எங்கள் வகுப்பில் 38 பேர். பாடம் பி.எஸ்சி. வேதியியல்.

2022-ல் ரிசல்ட் வந்த பிறகு விண்ணப்பம் வாங்க அம்மாவும் நானும் பஸ்ஸில் போனது நன்றாக நினைவிருக்கிறது. திருவட்டாறு முழுக்கத் தோரணம். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் நானூறு வருடத்துக்கு மேல் கழித்து ஜூலை 6-ம் தேதி கும்பாபிஷேகம் நடக்க இருந்தது. மார்த்தாண்டத்தில் இறங்கினால் அங்கே தேவசகாயத்தின் படம் போட்ட பேனர்கள். மே 15-ல்தான் அவரைப் புனிதராக அறிவித்திருந்தார்கள். அவர் பிறந்த நட்டாலம் பக்கத்து ஊர். ஒரே பஸ் பாதையில் இரண்டு பெரிய கொண்டாட்டம். அந்தப் பாதையில்தான் அடுத்த இரண்டரை வருடம் போகப்போகிறேன் என்று அன்று தெரியாது.

என் முன்னால் நான்கு வழி இருந்தன. தினமும் வீட்டிலிருந்து போய்வருவது ஒன்று. கல்லூரி வளாகத்திலேயே சிஸ்டர்கள் நடத்தும் விடுதி இன்னொன்று. மார்த்தாண்டத்தில் மாமி வீட்டில் தங்கிப் படிப்பது மூன்றாவது. இந்தச் சின்னக் கல்லூரியையே விட்டுவிட்டுப் பெரிய கல்லூரிக்குப் போவது நான்காவது.

பெரிய கல்லூரியை முதலில் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியை சேசு சபையினர் 1923-லேயே தொடங்கினார்கள். திருவனந்தபுரத்தில் மார் இவானியோஸ் 1949-லிருந்து இருக்கிறது. நாகர்கோவில் ஹோலி கிராஸ் 1965-ல் வந்தது. பழைய கல்லூரிகளில் நூலகம் பெரிது, முதுகலையும் ஆராய்ச்சியும் உண்டு, பெயரைச் சொன்னால் வெளியூரிலும் தெரியும். படிப்பில் இன்னதுதான் வேண்டும் என்று தெளிவாக இருப்பவர்கள், விடுதிச் செலவுக்கு வழி இருப்பவர்கள் அங்கே போகலாம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பெரிய கல்லூரிக்கு வீட்டிலிருந்து போய்வருவது வேறு விஷயம். என் பள்ளித் தோழி ஒருத்தி அப்படிப் போய்வந்தாள். முதல் வருட முடிவில் அவள் பெயர் தெரிந்த ஆசிரியர்கள் இரண்டு பேர் என்றாள். காலையில் வருகிறாள், கூட்டத்தோடு வகுப்பில் உட்காருகிறாள், மணி அடித்ததும் பஸ் பிடிக்க ஓடுகிறாள். அவ்வளவு பெரிய இடத்தில் அவளுக்குக் கிடைத்தது வகுப்பறையும் பஸ் ஸ்டாப்பும். வீட்டிலிருந்துதான் போய்வர முடியும் என்ற நிலைமை இருந்தால் சின்னக் கல்லூரிதான் நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு அவளும் ஒரு காரணம்.

எனக்கு அங்கே எப்படி இருந்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். முதல் வருடம், சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கரிம வேதியியல் வகுப்பில் ஃபார்மிக் அமிலம் வந்தது. மிஸ் போர்டில் எழுதிக்கொண்டிருந்தவர் திரும்பி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "உங்க வீட்ல ரப்பர் ஷீட் அடிக்கப் பால் உறைய வைக்கிறது இதை ஊத்தித்தானே? எவ்வளவு தண்ணி சேர்ப்பாங்க?" என்று கேட்டார். எங்கள் அப்பா பால் வெட்டுகிறார் என்பதை நான் ஒரே ஒரு முறை, சேர்க்கை நாளன்று சொல்லியிருந்தேன். எழுந்து நின்று, பாலில் எவ்வளவு தண்ணீர் கலப்பார்கள், டிஷ்ஷில் ஊற்றி எத்தனை மணி நேரம் வைப்பார்கள், அமிலம் அதிகமானால் ஷீட் என்ன ஆகும் என்றெல்லாம் சொன்னேன். கடலோரத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து வகுப்பில் என்னை எல்லோருக்கும் தெரியும். 38 பேர் இருக்கும் வகுப்பில், எல்லோரும் எல்லோரையும் பார்க்கிற வளாகத்தில், காலையில் வந்து மாலையில் போகிறவளும் தொலைந்துபோவதில்லை. இரண்டு நாள் வரவில்லையென்றால் யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

சரி, போய்வருவதில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

காலை 7.20-க்கு வீட்டை விட்டு இறங்கினால் குலசேகரத்தில் ஒரு பஸ், மார்த்தாண்டத்தில் இன்னொரு பஸ், 8.50-க்குக் கல்லூரி வாசல். மணி 9.15-க்கு அடிக்கும். மாலை 3.30-க்கு விட்டால் வீடு வந்து சேர ஐந்து, ஐந்தரை. போகவர மூன்று மணி நேரம். வருடத்துக்கு 180 வேலைநாள் என்று வைத்துக்கொண்டால் 540 மணி நேரம் பஸ்ஸில் போகிறது. அதாவது முழுசாக இருபத்திரண்டு நாளுக்கு மேல். இந்தக் கணக்கை நான் இரண்டாம் வருடம்தான் போட்டுப் பார்த்தேன். முதலிலேயே போட்டிருக்க வேண்டும்.

பஸ் செலவு எனக்குப் பெரிதாக ஆகவில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. முன்பக்கம் பிங்க் நிறம் அடித்த பஸ் வந்தால் ஏறிக்கொள்ளலாம். கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டு ஒன்றைக் கிழித்துத் தருவார். அந்த பஸ் வராத நாளில் மற்ற பஸ்ஸில் காசு கொடுத்துப் போக வேண்டும். கேரளா பஸ்ஸில் ஏறினாலும் அப்படித்தான். மாதம் முந்நூறு, நானூறு ரூபாய்க்கு மேல் எனக்கு ஆனதில்லை. ஆண்பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு வேறு. அவர்கள் பஸ் சலுகை தங்கள் கல்லூரிக்கு எவ்வளவு என்று அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. சில கல்லூரிகளில் சொந்த பஸ் உண்டு. அது நேரத்துக்கு வரும், ஆனால் வருடக் கட்டணமும் நேரத்துக்குக் கட்ட வேண்டும்.

களைப்பு உண்டு. வளைவும் மேடுமான பாதை. புத்தகத்தைத் திறந்தால் எனக்குத் தலை சுற்றும். அதனால் படிக்க முடியாது. ஆனால் முந்தைய நாள் வகுப்பில் நடந்ததை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கலாம். கண்டுபிடித்தவர் பெயரால் சொல்லப்படும் வேதிவினைகள் எல்லாவற்றையும் நான் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன்: ஆற்றூர் வருவதற்குள் ஐந்து, மார்த்தாண்டத்துக்குள் இன்னும் ஐந்து. பரீட்சை ஹாலில் விடை ஞாபகம் வராதபோது எந்த ஸ்டாப்பில் சொல்லிப் பார்த்தேன் என்று யோசிப்பேன், வந்துவிடும். இதில் ஒரு சின்னப் பெருமையும் எனக்கு உண்டு.

மழைக்காலம் கஷ்டம். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கும். கலெக்டர் விடுமுறை அறிவிப்பதற்குள் நான் குலசேகரம் வந்திருப்பேன், சில நாள் மார்த்தாண்டமே வந்திருப்பேன். அப்படியே திரும்ப வேண்டும். 2023 டிசம்பரில் தென்மாவட்டங்கள் முழுவதும் வெள்ளம் வந்தபோது அப்பா என்னை நான்கு நாள் வெளியே விடவில்லை. இன்னொரு விஷயம், மழை பெய்தால் பால் வெட்டு நின்றுவிடும், வீட்டில் வரும்படியும் நின்றுவிடும். அந்த மாதங்களில் விடுதிக் கட்டணம் என்று ஒன்று இல்லாமல் இருந்தது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

வருகைப்பதிவை மறந்துவிடாதீர்கள். 75 சதவீதம் வேண்டும். முதல் மணி நேரத்தில் பெயர் கூப்பிடும்போது பஸ் மார்த்தாண்டம் நெரிசலில் நின்றால் அது நம் கணக்கில்தான் குறையும். எங்கள் துறையில் மலையோரத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்கள். எல்லாத் துறையிலும் அப்படி இருந்ததில்லை. முதல் வாரத்திலேயே துறைத் தலைவரைப் பார்த்து, "நான் இந்த ஊரிலிருந்து, இந்த பஸ்ஸில் வருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். சின்னக் கல்லூரியில் இப்படிப் போய்ப் பேச முடியும், அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

போய்வருவதில் உண்மையான இழப்பு எது என்று கேட்டால், மூன்றரை மணிக்குப் பிறகு நடப்பதெல்லாம்தான். கல்லூரியின் இன்னொரு பாதி அப்போதுதான் தொடங்குகிறது. பாடகர் குழு ஆர்மோனியத்தோடு உட்காரும். வாலிபால் நெட் கட்டுவார்கள். ஆண்டு விழா நெருங்கினால் மேடையில் ஒத்திகை நடக்கும். இரண்டாம் வருடம் ஒரு நாடகத்தில் எனக்கு நல்ல வேடம் கிடைத்தது. ஒத்திகை தினமும் ஐந்தரை வரை. மூன்று நாள் இருந்து பார்த்தேன். வீட்டுக்கு வர இரவு ஏழரை ஆனது, அம்மா ரோட்டு முக்கில் டார்ச்சோடு நின்றுகொண்டிருந்தார். நான்காம் நாள் வேடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். விழாவன்று கீழே உட்கார்ந்து அந்த நாடகத்தைப் பார்த்தேன். எனக்கு எழுதிய வசனம் எல்லாம் எனக்கு மனப்பாடம். அதை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

என்.எஸ்.எஸ். சிறப்பு முகாம் ஏழு நாள் நடக்கும். அதற்கு மட்டும் அப்பா அனுப்பினார், அங்கேயே தங்கினோம். வீட்டிலிருந்து போய்வருகிறவர்களுக்கு அந்த முகாம் பெரிய வாய்ப்பு. முடிந்தால் விடாதீர்கள்.

இது கத்தோலிக்கக் கல்லூரி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று சித்தப்பா கேட்டார். எங்கள் குடும்பம் இந்துக் குடும்பம், அதனால் அவருக்கு அது ஒரு யோசனை. அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

காலையில் செபத்தோடுதான் நாள் தொடங்கும். பகல் பன்னிரண்டுக்கு மூவேளை செபத்துக்கு மணி அடிக்கும். நடந்துகொண்டிருப்பவர்கள் நின்றுவிடுவார்கள், வகுப்பில் மிஸ்கூட சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார். ஒரு நிமிடம்தான். நான் சும்மா நிற்பேன். முதல் மாதத்துக்குப் பிறகு அந்த ஒரு நிமிட அமைதி எனக்கும் தேவைப்பட ஆரம்பித்தது. முதல் வெள்ளிக்கிழமை திருப்பலி உண்டு. போக விரும்பாதவர்கள் நூலகத்தில் இருக்கலாம். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு நடக்கும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. நம் அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிலையம் நடத்தும் உரிமையைக் கொடுக்கிறது. 28-வது பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிலையத்தில் யாரையும் சம்மதமில்லாமல் வழிபாட்டில் சேர்க்கக் கூடாது என்கிறது. நான் பார்த்தவரை இரண்டுமே ஒழுங்காக நடந்தது. யாரும் என்னை மதம் பற்றி வற்புறுத்தியதில்லை.

தவக்காலம் தொடங்கும் நாளை அவர்கள் திருநீற்றுப் புதன் என்கிறார்கள். முந்தைய வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலை ஃபாதர் நெற்றியில் சிலுவையாகப் பூசுவார். முதல் வருடம் அந்த நாளில் நான் வழக்கம்போல வீட்டிலிருந்து திருநீறு பூசிக்கொண்டு வந்திருந்தேன். சிற்றாலயத்திலிருந்து வெளியே வந்த என் வகுப்புத் தோழி ஸிந்தியா என் நெற்றியைப் பார்த்தாள், நான் அவள் நெற்றியைப் பார்த்தேன். எங்கள் வகுப்பே சேர்ந்து அன்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டது. என் அம்மா அதைப் பிரேம் போட்டு வைத்திருக்கிறார்.

கத்தோலிக்கர் என்றால் எல்லோரும் ஒரே மாதிரி என்று நினைத்திருந்தேன். கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்கள் லத்தீன் வழிபாட்டு முறை, மார்த்தாண்டம் மலங்கரை முறை, தக்கலை சீரோ மலபார் முறை. மூன்றிலிருந்தும் எங்கள் வகுப்பில் பிள்ளைகள் இருந்தார்கள். யார் பூசை எவ்வளவு நேரம் நடக்கும் என்று அவர்களுக்குள்ளேயே பேச்சு ஓடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து இதெல்லாம் கேட்பேன். நான் மரச்சீனிக்கிழங்கு கொண்டுபோவேன், கடலோரத்திலிருந்து வருகிறவர்கள் மீன்கறி கொண்டுவருவார்கள். இரண்டும் ஒரே இலையில் சேரும். நவம்பர் 30 வந்தால் அந்தக் கூட்டம் அமைதியாகிவிடும். 2017-ல் ஒக்கிப் புயல் வந்த நாள் அது. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகளிலிருந்து எங்களோடு படித்தவர்கள் இருந்தார்கள். மலையில் இருந்த எங்களுக்கு அந்தப் புயல் என்றால் சாய்ந்த ரப்பர் மரம்தான். அவர்களோடு உட்கார்ந்த பிறகுதான் அது என்ன என்று எனக்குத் தெரிந்தது. வீட்டிலிருந்து போய்வந்த எனக்குக் கல்லூரியில் கிடைத்ததில் பெரியது அந்த மதிய நேரம்.

மாமி வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாமி அன்பானவர், நான் ஒரு மாதம் இருந்தும் பார்த்தேன். ஆனால் சொந்தக்காரர் வீட்டில் படிக்கிற பெண்ணால் சும்மா புத்தகத்தோடு உட்கார முடியாது. அடுப்படியில் ஆள் நிற்கும்போது மனம் கேட்காது. குழந்தை அழுதால் எடுக்க வேண்டும், விருந்தாளி வந்தால் சாயா போட வேண்டும். மிச்சமாகும் இரண்டு மணி நேரம் அதிலேயே போய்விடும், வீட்டுச் சாப்பாடும் அம்மா முகமும் இல்லாமல். சில நாள் பஸ் தவறினால் தங்க அந்த வீடு இருப்பது நல்லது. மூன்று வருடம் இருப்பதற்கு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தோழிகள் சேர்ந்து வெளியே அறை எடுப்பதும் உண்டு. முதல் வருடப் பிள்ளைக்கு அது வேண்டாம்.

இனி விடுதி.

ஆறாம் செமஸ்டரில் புராஜெக்ட் வந்தது. லேபில் மாலை ஐந்தரை, ஆறு வரை நிற்க வேண்டியிருந்தது. முதுகலை நுழைவுத் தேர்வுக்கும் படிக்க வேண்டும். அப்போதுதான் வீட்டில் பேசி விடுதிக்குப் போனேன். பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முடிவெடுக்க அதுதான் உதவும். நான் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. 2022 செப்டம்பர் 5-ல் புதுமைப்பெண் திட்டம் தொடங்கியதிலிருந்து மாதம் 1,000 ரூபாய் என் வங்கிக் கணக்குக்கு வந்தது. அம்மா அதில் கை வைக்க விடவில்லை. 2024 டிசம்பருக்குள் அது இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டியிருந்தது. விடுதிக்கு மாதம் 4,500 ரூபாய். நான்கு மாதத்துக்கு 18,000. அந்தப் பணத்தில்தான் விடுதியில் இருந்தேன். இரண்டரை வருடம் பஸ்ஸில் போனது கடைசி நான்கு மாதம் விடுதியில் இருக்க வழி செய்தது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் 2024 கடைசியிலிருந்து இந்தத் திட்டம் உண்டு. ஆண்பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. தகுதி இருந்தால் கல்லூரியில் சேர்ந்த உடனே பதிந்துவிடுங்கள்.

விடுதியில் காலை ஐந்தேகாலுக்கு மணி. எங்கள் வீட்டில் அப்பா அதற்கு முன்பே தலையில் லைட் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார், அதனால் எனக்கு அது கஷ்டமாக இல்லை. மாலை ஆறுக்கு கேட் பூட்டிவிடுவார்கள். ஏழிலிருந்து ஒன்பது வரை ஸ்டடி; எல்லோரும் ஹாலில் உட்கார வேண்டும், பேசக் கூடாது. போன் சிஸ்டரிடம். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் கையில் கிடைக்கும். மாதம் ஒரு முறைதான் வீடு, அதுவும் கையெழுத்துப் போட்டு அழைத்துப்போக ஆள் வர வேண்டும். இருபது வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு கட்டுப்பாடு தேவையா என்று எனக்கு இப்போதும் கேள்வி உண்டு. வீட்டிலிருந்து போய்வந்தபோது மார்த்தாண்டத்தில் இறங்கி ஒரு புத்தகக் கடைக்குள் நுழைய எனக்கு யார் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. தனியாக பஸ் பிடித்து, கூட்டத்தில் இடம் பிடித்து, பேசத் தெரியாத ஆளிடம் பேசிப் பழகியது எல்லாம் அந்தப் பாதையில்தான். விடுதியில் அந்தப் பழக்கம் கொஞ்சம் குறைந்துபோனதை நானே உணர்ந்தேன்.

ஆனால் படிப்பு ஏறியது. இரண்டு மணி நேர ஸ்டடியில் படித்ததை வீட்டில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தாலும் படித்திருக்க மாட்டேன். லேபிலிருந்து ஆறு மணிக்கு வெளியே வந்து, நூறு அடி நடந்து, கை கழுவிச் சாப்பிட உட்காரலாம். கடைசி இரண்டு மாதத்தில் எனக்கு டைபாய்டு வந்தபோது வார்டன் சிஸ்டர் மூன்று இரவு என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கஞ்சி ஆறினால் திரும்பச் சூடாக்கிக் கொண்டுவருவார். நான் அவர் மதமில்லை, அவர் துறை மாணவியும் இல்லை. கட்டுப்பாடு பற்றி எழுதிய அதே கையால் இதையும் எழுதியாக வேண்டும்.

விடுதியில் இருந்த பிறகுதான் இரண்டரை வருடம் எதைப் பார்க்காமல் விட்டேன் என்று தெரிந்தது. இரவு ஒன்பதரைக்கு மேல் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போகிறவர்கள் பேசிக்கொள்ளும் பேச்சு. ஸிந்தியாவை எனக்கு இரண்டரை வருடமாகத் தெரியும், அவளுக்குப் படிப்பு முடிந்ததும் மடத்தில் சேரும் எண்ணம் இருக்கிறது என்பது அந்த மாடியில்தான் தெரிந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் அதைச் சொல்லியிருக்க மாட்டாள்.

சரி, என் தங்கச்சிக்கு என்ன சொன்னேன்?

ஒரு பக்கப் பயணம் ஒன்றரை மணிக்குள், பஸ் மாறுவது ஒரு முறைக்குள் இருந்தால் முதல் இரண்டு வருடம் போய்வரலாம். அதற்கு மேல் போனால் வேண்டாம். உடம்பு தாங்காது, வருகைப்பதிவும் தாங்காது. வீட்டில் படிக்க ஒரு மூலையும், "படிக்கிறாள், விடுங்க" என்று சொல்ல ஒரு ஆளும் இருக்க வேண்டும். அது இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு முதல் நாளிலிருந்தே விடுதி நல்லது. பணம் எப்படியாவது புரட்டலாம். லேப் உள்ள பாடம் எடுத்தால் கடைசி வருடம், குறைந்தது கடைசி செமஸ்டர், விடுதிக்குப் போக இப்போதே பணம் சேர்க்க வேண்டும். ஒரே பாடம் எய்டெட் (அரசு உதவி பெறுவது), செல்ஃப் ஃபைனான்ஸ் (சுயநிதி) இரண்டிலும் இருந்தால் எய்டெட்டுக்கு முயற்சி செய்ய வேண்டும். அந்தக் கட்டண வித்தியாசம் விடுதிக்கு உதவும். நடுவில் விடுதிக்கு மாற இடம் தருவார்களா என்று விண்ணப்பம் கொடுக்கும்போதே கேட்க வேண்டும். சில இடங்களில் வருடத் தொடக்கத்தில் மட்டும்தான் சேர்ப்பார்கள். நான் சேர்ந்தபோது ஒரு பிள்ளை பாதியில் போனதால்தான் எனக்குக் கட்டில் கிடைத்தது. நாடகம், பாட்டு, விளையாட்டு இவற்றில் ஒன்று உயிர் என்றால் இந்தக் கணக்கு எதுவும் பார்க்காமல் விடுதிக்குப் போய்விடு என்றும் அவளிடம் சொன்னேன். அவள் வாலிபால் ஆடுகிறவள். அந்த இடத்தில் போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

அப்புறம் இன்னொன்று சொன்னேன். டிக் போடுவதற்கு முன், ஒரு வேலைநாள் பார்த்து மாலை மூன்றரைக்குக் கல்லூரி வாசலில் போய் நில். கூட்டத்தோடு பஸ் ஏறி, மார்த்தாண்டத்தில் மாறி, வீடு வரை வா. வழியில் போனைப் பார்க்காதே. வீட்டுக்கு வந்ததும் எத்தனை மணி, கையில் புத்தகத்தை எடுக்கத் தோன்றுகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல். வரும் செவ்வாய்க்கிழமை போவதாகச் சொல்லியிருக்கிறாள். சித்தப்பா பைக்கில் கூட்டிப்போகிறேன் என்றாராம். பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன்.